பிஸ்கட் டின்னில் வந்த நல்ல பாம்பு

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்குப் போயிருந்தேன். புதுக்கடை. பழைய காலத்துக் கடை மாதிரி தெரிய வேண்டுமென்று சுவரெல்லாம் பழைய சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கிராமபோன் பெட்டி, அரிக்கேன் விளக்கு, தூக்குச் சட்டி என்று ஏதேதோ. அதெல்லாம் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் தலைக்கு நேர் மேலே ஒரு சதுரமான பிஸ்கட் டின். மளிகைக் கடையில் பிஸ்கட்டை நிறுத்து விற்பார்களே, அந்தப் பெரிய டின். எனக்கு ரசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அண்ணே, அந்த மேசைக்கு மாறிக்கவா?" என்று கேட்டேன். "ஏன்க்கா, ஏர்கோன் பத்தலையா?" என்றார் பரிமாறுகிறவர். அவரிடம் என்னத்தைச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி. நான் பயிற்சி முடித்து அப்போதுதான் அவசரப் பிரிவுக்கு வந்திருந்தேன். கஞ்சி போட்டு விறைத்த தொப்பியைத் தலையில் ஊசி குத்தி மாட்டிக்கொண்டு நடந்தால், ஏதோ மகாராணி போகிறாள் என்று எனக்கு நானே நினைப்பு. நோயாளிகள் எல்லாரும் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்பார்கள். தாதி என்றெல்லாம் யாரும் கூப்பிடவில்லை, மிஸ்ஸிதான். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். பாசாரில் காய்கறி வாங்கும்போது ஒரு சின்னப் பிள்ளை "மிஸ்ஸி" என்று பூனையைக் கூப்பிட்டபோதுகூடத் திரும்பிப் பார்த்தேன், மானம் போயிற்று.

அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்த தலையில் சரக்கு அவ்வளவாக இல்லை. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பாம்பை சிவபெருமான் கழுத்தில், காலண்டரில் பார்த்ததோடு சரி. கிள்ளானுக்கு வந்த பிறகுதான் பாம்புக்கடி என்றால் என்ன என்று தெரிந்தது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்கள். செம்பனை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் அவர்கள் வருவார்கள்.

பாம்பு கடித்தால் கடித்த பாம்பையும் கொண்டு வாருங்கள் என்று டாக்டர்கள் தோட்டத்து ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். விரியனுக்கு ஒரு மருந்து, நல்ல பாம்புக்கு ஒரு மருந்து. எது கடித்தது என்று தெரியாமல் எதைப் போடுவது? அதனால் ஆள் ஒரு பக்கம் வந்தால் பாம்பு இன்னொரு பக்கம் வரும். சாக்கில், பால் டின்னில், கிழிந்த கைலியில், வாழையிலையில் என்று எதிலாவது கட்டிக் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பார்கள். ஒருவர் பாம்பை அடித்த கட்டையையும் சேர்த்து எடுத்து வந்திருந்தார். "இது எதுக்கு அங்கிள்?" என்றால், "ஒருவேள தேவப்படுமோன்னுதான் மிஸ்ஸி" என்றார். வந்த பாம்பெல்லாம் செத்த பாம்பு. தலை நசுங்கி, வால் அறுந்து, பரிதாபமாகக் கிடக்கும். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் பயம் விட்டுப்போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வினை.

ஒரு நாள் காலை. கேரி தீவுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லோரி ஹாரன் அடித்தபடியே வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து பாதித் தோட்டமே இறங்கியது. நடுவில் முனியாண்டி என்கிற இளைஞனைத் தூக்கி வந்தார்கள். செம்பனைக் குலை வெட்டிப் போட்ட இடத்தில் கையை வைத்திருக்கிறான், பாம்பு போட்டுவிட்டது. கூடவே அவன் மனைவி சரோஜா, தலை அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கல்யாணமாகி முதல் தைப்பூசம்கூட இன்னும் வரவில்லை. "பேசிக்கிட்டேதான் வந்தாரு மிஸ்ஸி, இப்பதான் நாக்கு கொழறுது" என்றாள். அவன் கண்ணிமை இரண்டும் தூக்கம் வந்த குழந்தைக்கு மாதிரி கீழே விழுந்துகொண்டிருந்தன. எனக்கே தெரிந்தது, இது நல்லதற்கில்லை.

டாக்டர் லிம் பினாங்குக்காரர், எங்களிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரர். முனியாண்டியின் மூச்சு திணறத் தொடங்கியதுமே தொண்டைக்குள் குழாயை இறக்கிவிட்டார். குழாயின் முனையில் ரப்பர் மூச்சுப் பையை மாட்டி என் கையில் கொடுத்தார். அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். மூச்சு இயந்திரமெல்லாம் அப்போது கோலாலம்பூரில்தான். எங்களிடம் இருந்தது கைதான். அவனுக்குக் கை, கால், இமை எதுவும் அசையவில்லை. நான் நிறுத்தினால் அவன் நின்றான்.

"வாட் ஸ்நேக்? பாம்பு எங்கே?" என்றார் டாக்டர்.

தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கிற மண்டோர் காளிமுத்து ஒரு சதுர பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூடியின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் திருநீறு வேறு பூசியிருந்தது! அப்போதாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. டாக்டர் டின்னை வாங்கி, டியூபை உருவி, மூடியை எடுத்துவிட்டார். "டாக்டர், அது வந்து..." என்று மண்டோர் ஆரம்பித்ததுதான் தாமதம்.

நல்ல பாம்பை அடிக்கக் கூடாது என்று நம் ஜனங்கள் அதை உயிரோடு பிடித்து வந்திருக்கிறார்கள்!

டின் கீழே விழுந்தது. உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். படத்தை விரித்து எழுந்து நின்றார். என்ன பாம்பு என்று இனி யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. "கோப்ரா!" என்று கத்திக்கொண்டே டாக்டர் லிம் மேசைமேல் ஏறிவிட்டார். மேசைமேல் நின்றபடியே எந்த மருந்து என்று உத்தரவு போட்டார், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோரில் இருந்தது கொஞ்சம்தான், மீதி கோலாலம்பூரிலிருந்து ஆம்புலன்ஸில் வர வேண்டும். அதற்கும் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நானோ? எல்லாரும் ஓடினார்கள், நான் ஓடவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். பையை விட முடியாது, அவ்வளவுதான். பாம்பு என் காலிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி ஆடிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு காலைத் தூக்கிக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு, மற்றக் காலால் நின்றுகொண்டு, பையை அமுக்கினேன். கத்திக்கொண்டே அமுக்கினேன். என் தொப்பி எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

எங்கள் தலைமைத் தாதி சிஸ்டர் ரோஸ்லின் அப்போதுதான் உள்ளே வந்தார். கிள்ளான் மாதா கோயிலில் பாடுகிறவர், வார்டில் அவர் குரலுக்குச் சுவரும் நடுங்கும். பாம்பு அவரைப் பார்த்துச் சீறி விஷத்தைத் துப்பியது. நம்மூர் நல்ல பாம்பு துப்பும், தெரியுமல்லவா? மூக்குக் கண்ணாடிமேல் பட்டது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "மிஸ்ஸி, தரையப் பார்க்காத. அவன் நெஞ்சப் பாரு."

பார்த்தேன். ஏறியது, இறங்கியது.

எங்கள் மலாய்க்கார அட்டெண்டன் பாக் மாட் தரை துடைக்கிற கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடோய், ஹிடுப் லாகி!" என்று அவருக்கு ஒரே கோபம். செத்துத்தானே வர வேண்டும், இது என்ன உயிரோடு? அந்த நேரத்தில் சரோஜா குறுக்கே பாய்ந்தாள். பாம்பைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. "அடிக்காதீங்க! ஐயா, கும்புடுறேன், அடிக்காதீங்க! அது உசுரு போச்சுன்னா அவரு உசுரும் போயிரும்!" என்று பாக் மாட்டின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் ஓங்கிய கட்டையோடு சிஸ்டரைப் பார்த்தார்.

சிஸ்டர் ரோஸ்லினுக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கட்டோடு ஆகாது. ஒரு மந்திரித்த கயிற்றைக் கண்டாலே கத்தரிக்கோலைத் தேடுகிறவர். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். "ஜாங்ஙான் புக்குல்" என்றார், அடிக்காதே என்று. "பாம்ப அடிச்சா இந்தப் பொண்ணு இங்கயே விழுவா. ஒரு பேஷண்ட்டே எனக்குப் போதும்லா!"

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். பாக் மாட் ஒரு பெட்பேனைக் கேடயம் மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போய், அழுக்குத் துணிக்கூடையைத் தூக்கிப் பாம்பின்மேல் கவிழ்த்தார். கூடைமேல் ஒரு மூட்டை போர்வையை வைத்து அமுக்கினார்கள். மண்டோர் அடியில் ஒரு தகரத் தட்டைச் செருகி, அப்படியே வெளியே தூக்கிப்போனார். டாக்டர் லிம் மேசையிலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி முனியாண்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

இருந்த மருந்து ஏறியது. மீதியும் வந்து ஏறியது. ஆனால் முனியாண்டி அசையவில்லை. மத்தியானமாயிற்று. நான் அமுக்கினேன், பாக் மாட் அமுக்கினார், மறுபடி நான். விரல்களெல்லாம் மரத்துப்போயின. மற்ற நோயாளிகளும் வந்துகொண்டேதான் இருந்தார்கள், ஆள் பற்றவில்லை. சரோஜா சுவரோரம் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து, "நான் அமுக்கட்டுமா மிஸ்ஸி?" என்றாள்.

சொந்தக்காரர்கள் தொடக் கூடாது என்பது சட்டம். ஆனால் சிஸ்டர், "கையக் கழுவிட்டு வா" என்றார்.

அவள் கைமேல் என் கையை வைத்துப் பழக்கினேன். அவசரப்படாதே, உன் மூச்சோடு சேர்த்து அமுக்கு என்றேன். நல்ல வேலைக்காரக் கை, உடனே பிடித்துக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள், அவனும் விட்டான். அவனிடம் மெல்லப் பேசவும் தொடங்கினாள். கோழிக்கு இரை போடாமல் வந்துவிட்டேன், உங்கள் அக்காள் போட்டிருப்பாளா, உங்களுக்கு வாங்கிய சட்டை அளவு சரியில்லை, மாற்ற வேண்டும் என்று, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வேறென்ன.

வெயில் தாழ்ந்த நேரம். நான் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி!" என்றாள். "மிஸ்ஸி, இங்க வாங்க. பை என்னைய எதுத்துத் தள்ளுது."

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், தள்ளியது! அவன் நெஞ்சு தன்னாலே எழும்பியது. எங்கள் எவர் கைக்கும் முன்னால் அவள் கைக்குத்தான் அது தெரிந்தது. "டாக்டர்!" என்று நான் போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், தலையாட்டினார். சரோஜா பையை விடாமல் அப்படியே நின்றாள். விட்டுவிடு, அவனே பார்த்துக்கொள்வான் என்று சிஸ்டர்தான் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். லோரியில் வந்த அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருத்தர்கூட வேலைக்குத் திரும்பவில்லை, சாப்பிடவும் இல்லை. "மூச்சு விட்டுட்டாரு!" என்று கத்தினேன். அடேயப்பா, அந்தச் சத்தம்! ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளியே விட்டார். மண்டோர் காளிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு, பாம்பை மறுபடி அடைத்து வைத்திருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு லோரியில் ஏறினார். அதைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் காட்டில் விட்டுவிட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

முனியாண்டிக்கு வாயைத் திறந்து பேச இரண்டொரு நாளாயிற்று. அசைய முடியாமல் கிடந்தானே தவிர, எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான். "நீங்க போட்ட சத்தத்துலதான் மிஸ்ஸி, நான் இன்னும் சாகலன்னு தெரிஞ்சுச்சு."

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. கஞ்சி போட்ட தொப்பி இல்லை. மூச்சுப் பையை நாள் முழுக்க யாரும் அமுக்குவதில்லை, இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, நல்லதுதான். பாம்பைத் தூக்கி வராதே, தூரத்திலிருந்து போனில் படம் எடு என்கிறார்கள். அதுவும் நல்லதுதான், டாக்டர்கள் மேசைமேல் ஏற வேண்டியதில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் காலியாகி, நம்மவர்கள் பட்டணத்து ஃபிளாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். குலை வெட்டுவது இப்போது பங்களாதேஷ் பையன்கள்.

என் அக்காள் மகள் ஒருத்தி நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் அப்படி ஒரு பங்களாதேஷ் பையன் வந்தானாம், கடித்தது நல்ல பாம்புதான். தோட்டத்து வேன் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் இயந்திரத்தில் கிடந்து, மூன்றாம் நாள் தானாக மூச்சு விட்டிருக்கிறான்.

"எனக்கு அவ்ளோ சந்தோசம் சின்னம்மா" என்றாள். "யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு கதவத் தொறந்துக்கிட்டு வெளிய போனேன். நாற்காலிங்கதான் இருந்துச்சு. ஒரு ஆளு இல்ல. திரும்பி உள்ள வந்து, அவன் கையப் புடிச்சு, அவன்கிட்டயே சொன்னேன். தம்பி, நீ மூச்சு விட்டுட்டேன்னு."