ஹார்ட் டிஸ்க்கக் கொஞ்சம் ஸ்பீடு பண்ணிக் குடும்மா

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் செத்துப்போன மெஷினால் பெரிய தொல்லை இல்லை. உயிரோடு இருந்துகொண்டே ஊர்ந்து போகிறதே, அதுதான் தொல்லை. செத்ததை எழுப்பிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஊர்வதை ஓட வைத்தால், "முன்னாடியும் இப்படித்தானே இருந்துச்சு" என்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். முதலாளி துரைப்பாண்டி அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர். மெஷின் மெதுவாகிவிட்டது என்று போன் வந்தால் என்னைத்தான் அனுப்புவார். அது பொறுமையாகச் செய்கிற வேலை, கூட இருந்த பையன்களுக்குச் சரிப்படாது என்பது அவர் முடிவு. பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்து முடித்து வந்த பிறகும் திரையில் மணல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

ஆறு ஸ்க்ரூ

யானைக்கவுனியில் ஒரு பாத்திர மொத்த வியாபாரி. சரக்கு லிஸ்டைத் திறந்தால் வருவதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார் என்று புகார். போய்ப் பார்த்தேன். டிஸ்க் வேகமாகப் படிப்பதற்கென்றே விண்டோஸில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போடாமல் விட்டிருந்தார்கள். போட்டேன். நிறுத்தி மறுபடி ஓட்டினேன். லிஸ்ட் சட்டென்று வந்து நின்றது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் இருக்கும். அவர் முகம் தெளியவில்லை. நான் ராயபுரம் திரும்புவதற்குள் அண்ணாச்சிக்கு போன் வந்துவிட்டது: பொண்ணு வந்துச்சு, ஒண்ணுமே செய்யல.

மறுநாள் திரும்பப் போனேன். இந்தத் தடவை மெஷின் மூடியின் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மூடியை எடுத்து ஓரமாக வைத்தேன். பிரஷால் தூசி தட்டி, ஊதி, ஒரு கேபிளைப் பிடுங்கி அதே இடத்தில் திரும்பச் செருகி, நடுநடுவே "ம்ம்" என்று தலையாட்டினேன். முக்கால் மணி நேரம். டிஸ்க்கின் வேகம் நேற்று இருந்த அதே வேகம். அவர் லிஸ்டைத் திறந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "இப்பதாம்மா ஓடுது. நேத்து சும்மா பேருக்கு ஓடுச்சு."

யாரும் தொடக் கூடாது

துறைமுகத்துப் பக்கம், கஸ்டம்ஸிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். நாலு கிளார்க், ஒரு முதலாளி, ஒரு கம்ப்யூட்டர். டிஸ்க்கில் ஒரே ஃபைல் துண்டு துண்டாகப் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். அதைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவதற்குப் பெயர் டிஃப்ராக். அது ஓடும்போது திரை முழுக்கக் கலர் கலராகச் சின்னக் கட்டங்கள் இடம் மாறும். நடுவில் யாராவது எதையாவது திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் "யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தொடக் கூடாது, ஆனால் பார்க்கலாமே. ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எந்தக் கட்டம் அடுத்து எங்கே போகும் என்று பந்தயம் ஆரம்பமானது. ஹெட் கிளார்க் வரதன் போனை எடுத்து, "சிஸ்டம் வேலை நடக்குது சார், மத்தியானத்துக்கு மேல பேசுங்க" என்று வைத்தார். முதலாளி உள்ளே வந்தபோது எல்லோரும் திட்டு வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது. மூன்று மணி நேரம் சென்னைத் துறைமுகத்தின் ஒரு மூலை வேலை செய்யவில்லை. பதினைந்து நாள் கழித்து வரதன் போன் செய்தார். மறுபடி மெதுவாகிவிட்டதா என்று கேட்டேன். "சேச்சே, சோக்கா ஓடுதும்மா. அந்தக் கட்டத்த மட்டும் இன்னொரு தபா வந்து போட்டு வுடேன், சனிக்கெழம ஆபீஸ்ல பொழுதே போவ மாட்டேங்குது."

காலையில் மட்டும் வரும் சீக்கு

காசிமேட்டில் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர் பத்மாக்கா. காலையில் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது என்பார். நான் பதினொரு மணிக்குப் போனால் ஜோராக ஓடும். மூன்று தடவை போய் டிஸ்க்கை அடுக்கினேன், வைரஸ் தேடினேன், தேவையில்லாததை அழித்தேன். மறுநாள் காலை மறுபடி போன். நான்காவது தடவை பத்மாக்காவின் குரலே வேறு மாதிரி இருந்தது. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேப்பர் பிரிண்ட் ஆனால்தான் கிளம்பும். "நாளைக்கும் இப்டி ஆச்சுன்னா மொதலாளி என்ன வூட்டுக்குப் போவ சொல்லிடுவாரு" என்றார். அன்றைக்கு ஒருவழியாக எட்டரைக்குப் பேப்பர் வந்து வண்டி போனது.

மறுநாள் காலை ஆறரைக்கே போய் உட்கார்ந்தேன். மெஷின் நிஜமாகவே நகரவில்லை. யோசனையோடு மேஜை மேல் கையை ஊன்றினேன். மேஜை நடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், காலையில் மட்டும் ஓடுகிற ஐஸ் உடைக்கிற மெஷின். அது ஓடுகிற நேரமெல்லாம் மேஜை குலுங்கி, டிஸ்க்கின் முள் தன் இடத்தைத் தவறவிட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. ஐஸை நிறுத்தச் சொல்ல முடியாது. எதிரே பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் கேட்டு வாங்கி, நாலு துண்டு வெட்டி மெஷினுக்கு அடியில் கொடுத்து, மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். ஏழு மணிக்கெல்லாம் பேப்பர் வந்தது, வண்டி கிளம்பியது. பத்மாக்கா குனிந்து டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தபா உள்ளார தேடிக்கினு இருந்த. கடேசில பஞ்சர் கடைல கீது வைத்தியம். உன்ன இன்னாத்துக்கும்மா அவ்ளோ படிக்க வெச்சாங்க?"

அழிக்க முடியாதவர்கள்

திருவொற்றியூரில் பாபு என்பவர் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் அங்கே முக்கால்வாசி வேலை. நான் போனபோது ஒரு சாவுப் போஸ்டர் பாதியில் நின்றிருந்தது. பிணத்தை எடுப்பதற்குள் தெருவில் ஒட்டியாக வேண்டும். இறந்தவரின் மகன், முப்பது வயது இருக்கும், ஸ்டூலில் அப்பா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிஸ்க்கில் ஊசி குத்த இடமில்லை. மெஷினுக்கு மூச்சு விட இடம் வேண்டும், பழைய போட்டோக்களை அழிக்கிறேன் என்றேன். "சாவு போட்டோல கை வெக்காதம்மா. வருசா வருசம் நினைவஞ்சலிக்கு வருவாங்க" என்று தடுத்தார் பாபு. "கல்யாணத்தத் தூக்கு. ஒரு தபா பண்ணவன் ரெண்டாவது தபா என்கிட்ட வந்ததே இல்ல." நூற்றுக்கணக்கான ஜோடிகளை அழிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு அழிந்தது என்று காட்டுகிற கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. காத்திருக்கும் மகனைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவசரமாகத்தான் செய்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். அவர் போட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிதானமா பண்ணு தங்கச்சி. நைனா ஒரு நாளும் எங்கியும் டைமுக்குப் போனதில்ல."

எதிலிருந்து எதற்கு

இது நான் செய்த தப்பு. ராயபுரத்தில் ஒரு சர்ச் ஆபீஸில், பூச்சி அரித்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார் ரோசலின் டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வருஷ உழைப்பு. டிஸ்க் தள்ளாடியதால் வேகமான புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தார்கள். பழையதில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுக்க வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்று மெஷின் கேட்டது. மாற்றிச் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டு வருஷப் பதிவும் அழிந்துபோனது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "பழைய டிஸ்க்குதானே, அதுவே செத்துப் போச்சுன்னு சொல்லிருவோமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அப்படிச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் எதிரே போய் நின்றதும் நடந்தது நடந்தபடி வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். முதல் வருஷத்து வேலை ஃப்ளாப்பியில் இருந்தது. இரண்டாவது வருஷம் எங்கேயும் இல்லை.

"ரிஜிஸ்டர் எரிஞ்சா போச்சு, இருக்குதே" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நானே அடித்துத் தருகிறேன் என்றேன். எட்டு மாதம் போனேன். மத்தியானப் பூசை முடிந்த அமைதியில், பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் என்று டீச்சர் வாசிக்க வாசிக்க இரண்டு விரலால் தட்டினேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஃப்ளாப்பியில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைக் காட்டச் சொல்வார். கடைசிப் பக்கம் முடிந்த அன்று ஒரு பெயரைத் தேடிக் காட்டினேன். புது டிஸ்க், கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தது. டீச்சர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிஸ்க்கு நல்ல வேகமாத்தான் இருக்கு மேகலா. நீதான் ஸ்லோ."

பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் திறந்துவிடுகிற டிஸ்க் இப்போது என் வீட்டிலேயே இருக்கிறது. தேடுகிற ஃபைலை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் வரத்தான் அரை மணி நேரம் ஆகிறது.