குருக்களுக்கு விபூதி வைத்தது யார்?

பிசியோதெரபியில் இருக்கும் சகாக்களே, நோயாளி நம்மை நம்பமாட்டார், நாமும் அவரை நம்பமாட்டோம். இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை.

இதென்ன சட்டையா?

திருவண்ணாமலையில் நான் வேலை பார்க்கும் எலும்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு கோயில் குருக்கள் வந்தார். தினமும் கிரிவலப் பாதையில் வேகமாக நடக்கிறவர். ஈரப் படியில் வழுக்கி விழுந்து, வலது தோளின் தசைநார் எலும்பிலிருந்து முழுசாகப் பிய்ந்துவிட்டது. அடுக்கு தீபத்தைத் தூக்க முடியவில்லை. துளை போட்டு, நாரை எலும்போடு சேர்த்துத் தைக்கலாம். பிறகு ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய பையிலேயே இருக்கவேண்டும். தானாகத் தூக்கினால் தையல் விட்டுப்போகும். டாக்டர் சொன்ன இதையே நானும் விளக்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பேசும்போது குரல் நடுங்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நூல் போட்டுத் தைக்க இதென்ன சட்டையா தம்பி? எண்ணெய் தேச்சா போயிடாதா?"

மூன்று கோடு

ஒருவழியாகச் சம்மதித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஆறு வாரமும், அவர் கையை நான் பிடித்து மெதுவாக அசைப்பது மட்டும்தான் பயிற்சி. ஆனால் வரும்போதெல்லாம் நெற்றியில் அளந்து போட்டதுபோல விபூதிப் பட்டை. இடது கையால் விபூதியைத் தொடுகிற ஆள் இல்லை. அப்படியானால் வலது கையைத் தூக்குகிறார். தையல் விட்டால் இன்னொரு ஆபரேஷன்; அது நிற்குமா என்பது நிச்சயமில்லை. அவருக்குத் தீபம் போகும், எனக்குப் பெயர் போகும். அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றினார். கூட வந்த அவர் மனைவியைத் தனியாக விசாரித்தேன்.

"என்னை வெக்க விடமாட்டார். கதவச் சாத்திண்டு அவரே வெச்சுக்கறார்."

நேரடி விசாரணை

அப்போதே அவரை என் கண் முன்னால் விபூதி வைத்துக் காட்டச் சொன்னேன். மனைவி நீட்டிய விபூதியில் வலது விரல்களைத் தோய்த்தார். மேல்கை விலாவை விட்டு நகரவில்லை. முழங்கை மட்டும் மடங்கியது. விரல்கள் மோவாயோடு நின்றுவிட, தலை குனிந்து குனிந்து அவற்றிடம் வந்தது. அசையாத விரல்கள்மேல் நெற்றியை ஒரு பக்கமாக இழுத்தார். பிசிறில்லாமல் மூன்று கோடு.

"பாத்தா சிரிப்பாங்கன்னுதான் கதவச் சாத்தறேன். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் தம்பி."

தூக்குங்கள்

தையல் பிடித்ததும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழக்கினோம். எடை தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, பித்தளைத் தீபத்தைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய் இல்லாத தீபம்தான். தூக்குங்கள் என்றேன். தீபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை அசையவில்லை.

"இத்தனை நாள் தூக்காதேன்னே. இப்போ தூக்குங்கறே. டாக்டர்கிட்ட இன்னொரு தரம் கேட்டுண்டு வா."

கேட்டுவிட்டு நான் திரும்புவதற்குள் தீபம் ஆடாமல் அசையாமல் அவர் தலைக்கு மேலே நின்றது. இதை அவர் எத்தனை நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.