கருநீலமும் கருப்பும்

ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கருப்பு மணிகள். அவற்றில் பாதிக்கு மேல் கருப்பே இல்லை, கருநீலம். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அந்த டப்பாவைத் திறந்தவள் நான்தான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். கலந்துவிட்டால் பிரித்தெடுப்பதற்குள் கழுத்து ஒடிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் யாரோ செய்த வேலை என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பிரித்து வைத்தேன். மறுநாள் என் கண்ணெதிரே ஒரு கை கருநீல மணியை அள்ளிக் கருப்பு டப்பாவில் கொட்டி, நிதானமாக மூடியை அழுத்தியது. அது அக்காவின் கை.

கேளம்பாக்கத்தில் ஒரு கைவினைப் பொருள் கடையின் மாடியில் நாங்கள் இருவரும் மணி கோக்கவும் நகை செய்யவும் சொல்லிக்கொடுத்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், கடைக்கு எனக்கு முன்னால் வந்தவர், அவ்வளவுதான். திருவிடந்தையிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி வருவார். வீட்டில் அவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் மட்டும். அவர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது. சனி ஞாயிறுகளில் நாவலூர் அடுக்குமாடிகளிலிருந்து பெண்கள் வருவார்கள். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள், இங்கே வந்து ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் விழிப்பார்கள். அக்கா யாருக்கும் தயவு காட்டமாட்டார். "இன்னாம்மா இது? கவுத்துல கட்டுன கத்திரிக்கா மாரி தொங்கினு கீது. அவுத்துட்டு மறுபடி கோரு" என்பார். திட்டு வாங்கியவர்களே அடுத்த வாரம் தோழியையும் அழைத்துக்கொண்டு வருவார்கள். என் பக்கத்து மேசையில் மரியாதையாகப் பேசும் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு நிறம் தெரியும். மற்றதெல்லாம் நான் போட்டி போட்டுச் செய்துவிடுவேன், இதில் மட்டும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. புடவையின் முந்தானையை ஒருமுறை பார்த்துவிட்டு, பத்துப் பச்சைகளில் எந்தப் பச்சை அதற்குச் சேரும் என்று எடுத்து வைப்பார். அப்படிப்பட்டவர்தான் கருநீலத்தைக் கருப்பு என்று நம்பி மூடி வைத்தார்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மணி மாலையின் கம்பி முனையில் ஒரு குட்டி உலோகக் குழாயை வைத்து குறடால் நசுக்குவோம். அதற்கு கியர் லாக் என்று பெயர். அது சரியாக நசுங்காவிட்டால் மாலை நிற்காது. அக்கா முடித்துக்கொடுத்த மாலை ஒன்று கல்யாண வரவேற்பில் அறுந்து மண்டபமெல்லாம் மணி சிதறியதாம். அந்தப் பெண் வந்து சண்டை போட்டாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, இன்னொரு புகார் வந்தால் ஒரு டீச்சர் போதும் என்று சொல்லிவிட்டார். யார் அந்த ஒரு டீச்சர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

அன்றிலிருந்து அக்காவின் மேசையை நான் பார்த்துக்கொண்டேன். அவர் கீழே டீ குடிக்கப் போனதும் கலந்த மணிகளைப் பிரிப்பேன். அவர் நசுக்கிய கியர் லாக் ஒவ்வொன்றையும் இன்னொருமுறை நசுக்குவேன். அவருக்குத் தெரியாமல் ஊசிகளில் நூல் கோத்துக் குத்தி வைப்பேன். புகார் நின்றது. பெரிய தியாகி போலச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் முழு உண்மை அதுவல்ல. அவர் தப்பவிட்ட நிறத்தை நான் கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் எனக்கு இனித்தது. அவரைக் காப்பாற்றினேன், அவரைவிட மேலானவளாகவும் இருந்தேன். இரண்டும் ஒரே வேலையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஒரு சனிக்கிழமை அக்கா என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். "மெய்யா சொல்லுடி. நான் எதுனா தப்பா செய்யுறனா? கண்ணு ஒருமாரி மங்கலா கீது. நாளைக்கு கிளாஸ வுட்டுட்டு முகாமுக்குப் போவட்டுமா?" என்று கேட்டார்.

அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. ஞாயிறு வகுப்பை விட்டால் கடைக்காரர் காரணம் கேட்பார் என்றும் நினைத்தேன். "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லக்கா. இங்க லைட்டுதான் சரியில்ல. எனக்கும் மங்கலாத்தான் தெரியுது" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னா சரி. வயசானா வெள்ளெழுத்து வரும்தானே" என்று சிரித்தார். மறுநாள் வழக்கம்போல வகுப்புக்கு வந்தார். நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் மணிகளைப் பிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அவர் மகள் போன் செய்தாள். அக்காவின் வலது கண்ணுக்குள் மை கொட்டியது போல இருண்டுவிட்டதாம். செங்கல்பட்டில் கண் டாக்டரிடம் போனோம். சர்க்கரை இரண்டு கண்களையும் அரித்திருந்தது. வலது கண் திரும்பாது, இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், முன்பே வந்திருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். இத்தனை நாள் எந்த வித்தியாசமும் தெரியவில்லையா என்று கேட்டார்.

"தெரியலீங்க. நான் பாக்குறதே பொடி மணி வேல. ஒரு தப்பு வரல. இவதான் கூடவே இருந்தா, இவள கேளுங்க" என்றார் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது இரண்டு மேசைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு டீச்சர் போதும் என்று கடைக்காரர் சொன்னது நடந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூட எழுந்து போய்விடுகிறேன். ஒவ்வொரு மாதமும் திருவிடந்தைக்குப் போவேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அவருக்கு எவ்வளவு பெரிய துணை என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக் காப்பியைக் குடிப்பது போன்ற தண்டனை வேறில்லை. போன மாதம் அதைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பாக்களை, கியர் லாக்குகளை, ஊசிகளை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "முகாமுக்குப் போவட்டுமான்னு கேட்டனே, அன்னிக்குமா?" என்றார்.

"அன்னிக்கும்தான்க்கா."

"மத்ததெல்லாம் எனக்காக செஞ்ச. சரி. அத்த ஏன்டி சொன்ன?"

பதிலுக்குக் காத்திராமல் மகளைக் கூப்பிட்டு, இருட்டுவதற்குள் என்னை பஸ் ஏற்றிவிடச் சொன்னார்.

நேற்று மறுபடி போனேன். வா என்றார், உட்காரச் சொன்னார், காப்பி கொடுக்கச் சொன்னார். ஒன்றும் நடக்காதது போலவே பேசினார். மாத்திரை நேரம் வந்தது. மாத்திரை அட்டையை எடுத்து இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். இது காலையில் போடுவதா ராத்திரிக்கா என்று பிடிபடவில்லை. "குடுங்கக்கா, நான் பாத்து சொல்றேன்" என்று கையை நீட்டினேன். அவர் அட்டையை மடிக்குள் வைத்துக்கொண்டார். மகள் குளித்துவிட்டு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.