அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணியின் வெந்நீர் பாட்டில் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித் தீர்ந்த கண்ணாடி பாட்டில் அது. கொதிநீர் ஊற்றி, துண்டில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டே சமைப்பார். முதுகுப் பக்கம் கொஞ்ச நேரம் இருக்கும், அடிவயிற்றுப் பக்கம் வெகுநேரம் இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அண்ணன் கொத்தனார், விடிந்தால் சாரத்தில் நிற்பார். நான் மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தேன். அண்ணி தமிழ் பேசும் ஊரான கோபிநத்தத்துக்காரர், வீட்டிலிருந்தபடி ஊதுபத்தி உருட்டுவார். அவருடைய கன்னடம் 'ஊட்ட ஆய்த்தா', சாப்பிட்டாச்சா என்பதோடு நின்றுவிடும். மைசூரிலேயே கன்னடத்தில் படித்த எனக்கோ அதில் பெரிய மண்டைக்கனம். ரேஷன் கடையிலிருந்து கரண்ட் ஆபீஸ் வரை எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். அதனால் வலி பொறுக்க முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிப்போனேன்.

வரிசையில் நிற்கும்போது அண்ணி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "தம்பி, இடுப்பு நோவுதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அடிவயிறும் புடிச்சு இழுக்குது. மாசம் முச்சூடும் தீட்டு நிக்கறதில்ல. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுதான். வேற ஆரு இருக்கறா எனக்கு?"

எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் ஆண் டாக்டர். முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அதற்கான கன்னடச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, தமிழிலேயே அந்தப் பேச்சு என் வாயில் வந்ததில்லை. "சொண்ட நோவு சார்," என்றேன். இடுப்பு வலி, அவ்வளவுதான். என்ன வேலை என்று கேட்டார். ஊதுபத்தி என்றதும், நாளெல்லாம் தரையில் குனிந்து உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: "எல்லாஞ் சொல்லிட்டீங்களா தம்பி?"

"சொல்லிட்டேன் அண்ணி."

அண்ணி ஊதுபத்திப் பலகையை ஓரம் கட்டினார். வலி ஓரம் போகவில்லை. மறுபடியும் போனோம், மாத்திரை மாறியது, எக்ஸ்ரே எடுத்தார்கள், இடுப்புக்குப் பட்டை வந்தது. முதல் நாள் மறைத்ததை இரண்டாம் நாள் எப்படிச் சொல்வது? சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்பாரே என்று பயந்தேன். கோழை நான். அண்ணியோ, எல்லாவற்றையும் கேட்ட டாக்டரே பெரிதாக நினைக்கவில்லை, அப்படியானால் இது பயப்படுகிற வலி இல்லை என்று நம்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இப்படி ஒன்றரை வருஷம் போனது.

ஒருநாள் குழாயடியில் சுருண்டு விழுந்தார். பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். சோதனை முடிவு வந்த அன்று, கோலார் தங்கவயல்காரரான தமிழ் நர்ஸ் ஒருவர் கட்டிலருகே வந்தார். கர்ப்பப்பை வாயில் புற்று, இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"இத்தினி நாளா ரத்தம் போவுது, அடிவயிறு வலிக்குது. மொத நாளே டாக்டராண்ட சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்! ஏம்மா சொல்லல?"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸிடம் சொன்னார்: "எனக்குத்தானுங்க சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதன்பின் நான்கு மாதம் இருந்தார். ஒரு நாளும் என்னை எதுவும் கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா தம்பி?" என்பதைத் தவிர.

அப்போது சிறுமியாக இருந்த அண்ணியின் மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. அவள் வரும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். எங்கேயாவது வலிக்கிறது என்று அவள் வாயெடுத்தால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவார்: "ஒங்கம்மா மாதிரி வெக்கப்பட்டு மறைக்காத சாமி. வெக்கத்துலயே உசுர விட்டா அவ." உன் அம்மா எதையும் மறைக்கவில்லை, என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போய்விடுகிறேன்.