மாடிவீட்டுக்காரரும் பாலிஷ் மெஷினும்

என் வீட்டு மாடியில குடியிருந்தவர் ஒல்லியான மனுசர். வாசல்ல காரை நிறுத்தி பாலிஷ் மெஷின் ஓட்டுவார். நடுநடுவே நிறுத்தி, ஜுரம் பார்க்கிற மாதிரி புறங்கையை பானட்டுல வைப்பார். சூடேறினா பெயிண்ட் போயிடுமாம்.

அன்னிக்கு அவர் முகம் வாடியிருந்துச்சு. “உன் ஊட்டுக்காரி எங்க நைனா?”ன்னு கேட்டேன்.

“மலைக்கோயில்ல வண்டிக்கு பூஜை போட்டோம் பெரிம்மா. அவ ஆசையா பானட்டுல மஞ்சள் பூசினா. கறை படியும்னு எல்லார் எதிர்லயும் கத்திட்டேன். கோவிச்சுகினு பள்ளிப்பட்டுக்கு, அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. கறையைப் போக்கிட்டுத்தான் போய் கூப்பிடணும்.”

“கறையாய்யா கோவிச்சுகினு போச்சு?”

மெஷினை அப்படியே கீழே வெச்சுட்டுக் கிளம்பினார். சாயங்காலம் பானட் பாதி பளபளப்பும் பாதி மங்கலுமா வண்டி திரும்பி வந்துச்சு. முன்சீட்டுல அந்தப் பொண்ணு சிரிச்சுகினு உக்காந்திருந்தா.

வீட்டைக் காலி பண்ற வரைக்கும் மஞ்சள் படிஞ்ச அந்த மீதியை அவர் தேய்க்கவேயில்லை.