என் மேசையில் மட்டும் வேகம்

இணையதளம் செய்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இன்றும் உண்டு, மறைக்கிற எண்ணமில்லை. சித்திரபுரம் என்ற எங்கள் மலையூரில் தேயிலை ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா, தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட ஆரம்பித்தபோது, நான்தான் தளம் செய்துகொடுத்தேன். திறந்தால் திரை முழுக்க மூடுபனி இறங்கும் வீடியோ. என் மேசைக் கணினியில் வேகத்தை அளந்தால் மார்க் நல்ல வேகம் என்று பச்சையில் நிற்கும்.

ஆனால் ஆள் வரவில்லை. தேடினால் எங்கள் தளம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. வாழ்நாளெல்லாம் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்துவிட்டு அக்கா கட்டிய வீடு அது. இந்த சீசனிலும் அறைகள் காலியாகக் கிடந்தால், வீட்டை ஒரு ரிசார்ட்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு திருப்பூர் போய்விடுவதாகச் சொன்னார்.

"பிள்ள, நீ செஞ்சது எம் போனுல தெறக்கவே மாட்டேங்குது."

"உங்க போன் பழசுக்கா" என்றேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அக்கா என்னை பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு இழுத்துப்போனார். மலையேறி வரும் வண்டிகள் நிற்கும் இடம். ரூம் போடாமல் வருபவர்கள் அங்கே நின்றுதான் போனில் தேடுவார்கள். அக்கா தன் போனில் எங்கள் தளத்தைத் தட்டிவிட்டு டீ சொன்னார். டீ வந்தது. ஆற்றிக் குடித்தார். திரை வெள்ளையாகவே இருந்தது.

"இங்கன போனுக்கு ரேஞ்ச் இம்புட்டுத்தான். ரூம் தேடுறவுக எல்லாம் உன் மேசைக்கா வருவாக?"

அன்றே வீடியோவைத் தூக்கினேன். படங்களைச் சுருக்கினேன். அறை, போன் நம்பர், வழி மூன்றும் முதலில் வரட்டும், மற்றவை பின்னால் மெதுவாக வரட்டும் என்று மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த டீக்கடையில் நின்று அக்காவின் போனிலேயே அளந்தேன். மூன்று எண்ணுவதற்குள் திறக்கும்வரை நான் விடவில்லை.

போனில் மெதுவாகத் திறக்கும் தளத்தைத் தேடல் பின்னுக்குத் தள்ளிவிடும்; சரிசெய்த பிறகும் உடனே மேலே ஏறிவிடவில்லை. அக்கா தினமும் கேட்டார். "வரும்க்கா" என்று தினமும் சொன்னேன். இந்த முறை சும்மா சொல்லவில்லை, அளந்துவிட்டுச் சொன்னேன். சில வாரங்களில் முதல் பக்கத்துக்கு வந்தது. டீக்கடையில் நின்றபடியே ரூம் கேட்டு அக்காவுக்குப் போன் வர ஆரம்பித்தது.

குத்தகைப் பத்திரத்தோடு ரிசார்ட்காரர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா வாசற்படியை விட்டு நகரவில்லை.

"உள்ள ஆளிருக்கு சார். எம் படுக்கையையும் அவுகளுக்குக் குடுத்துட்டு, நானே அடுக்களையிலதான் படுக்கேன்."