பூஜை போட்ட முதல் புஷ்

தொழிலுக்குத் துணிச்சல்தான் மூலதனம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் துணிச்சலோடு ஒரே கூரையின் கீழ் கூட்டுத்தொழில் செய்தவன் நான்.

என் மனைவியின் அண்ணனும் நானும் ஓசூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தோம். ஆர்டர் பிடிப்பது அவர்; அளவு பார்ப்பது நான். வண்டிகளின் அச்சில் மாட்டும் புஷ் என்ற துளையுள்ள உலோக வளையங்களைச் செய்தோம். வாங்கியது ஒரே கம்பெனி. அது கைவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களிலிருந்து டூல்களைக் கழற்றித் துடைத்துப் படையலில் அடுக்குவோம். திரும்ப மாட்டும்போது எதுவும் பழைய இடத்தில் அப்படியே உட்காராது. அதனால் முதல் பீஸை அளந்த பிறகே மெஷினை ஓட விட வேண்டும். அந்த வருடம் பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளில் மச்சான் தன் கையாலேயே முதல் புஷ்ஷைக் கடைந்தார். நான் மைக்ரோமீட்டரை எடுத்தேன்.

“இன்னா மாப்ள, சாமிக்கு வெக்கறத அளப்பியா? மொத பீஸுலயே கொற சொன்னா வருசம் பூரா வெளங்குமா?”

“சாமி அளவு பாக்காது மச்சான். கம்பெனிக்காரன் பாப்பான்.”

“இந்தப் பயந்தாங்கொள்ளிய நம்பியிருந்தா இந்நேரம் பஞ்சர் கடதான் வெச்சிருப்பன்” என்று ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

மெஷின் ஓட்டும் தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர், “சாரு பொறந்தப்பவே நர்ஸம்மாவ அளந்திருப்பாருங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மைக்ரோமீட்டரைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் பைக்குள் போனது. புஷ்ஷுக்குப் பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன் வைத்தார். மெஷின்கள் ஓடின.

அன்று மாலையே சரக்கு போனது. மறுநாள் மொத்தமும் திரும்பி வந்தது, துளை பெரிதாம். இருவரும் கம்பெனிக்கு ஓடினோம். மேனேஜர் யார் பொறுப்பு என்று கேட்டார்.

“நம்ம மாப்ளதான் சார் குவாலிட்டி. பூஜ லீவு மெதப்புல உட்டுட்டாரு. தப்பு எங்களுதுதான். மொத்தத்தையும் என் செலவுல செஞ்சு தரன்.”

“பொய் சார்” என்றேன்.

“வீட்டுச் சண்டைய வெளிய வெச்சுக்கங்க” என்ற மேனேஜர், மச்சான் பக்கம் திரும்பினார். “தப்ப இவ்ளோ தைரியமா ஒத்துக்கற ஆள நான் பாத்ததில்லீங்க.”

ஆர்டர் நிலைத்தது. கூடவே இன்னொரு பாகத்துக்கான ஆர்டரும் கிடைத்தது. வாசலில் மச்சான் என் தோளில் கை போட்டார். “பொழச்சோம் பாத்தியா?”

கையைத் தட்டிவிட்டேன். கூட்டுத்தொழிலிலிருந்து விலகுவதாக அங்கேயே சொன்னேன்.

பட்டறை இன்று பெரிதாகிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. உறவுக்காரர் கல்யாணங்களில் அவர் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் இலையை மூடிவிடுவேன்.